மைனர் லீக் பேஸ்பால் யார் கையில் இருக்க வேண்டும்? 2030-க்குப் பிறகான வழிகள்

அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்பாலில் இன்று ஆடும் 120 அணிகளும் ஒரு பத்தாண்டு உரிமத்தின் பேரில் ஆடுகின்றன. பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கின் நிர்வாகம் 2021-ல் வழங்கிய அந்த உரிமம் 2030 பருவத்தோடு முடிகிறது. பிறகு என்ன என்ற கேள்வி தொலைவில் இருப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் மைதானத்தைப் புதுப்பிக்கக் கடன் வாங்கும் நகராட்சிகளும், கிளப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் முதலீட்டு நிறுவனங்களும், 2027-ல் முடியும் ஊதிய ஒப்பந்தத்தை அடுத்துப் பேசியாக வேண்டிய வீரர் சங்கமும் இப்போதே 2030-ஐ மனத்தில் வைத்துத்தான் அடியெடுத்து வைக்கின்றன. மைனர் லீக்கை வலுப்படுத்தும் வழிகள் எவை, அவற்றுள் எது மேல் என்பதை அந்த ஆண்டு வந்த பிறகு பேசினால் காலம் கடந்திருக்கும்.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றின் கீழும் டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு படிகளில் நான்கு அணிகள். அவற்றுக்கும் கீழே புளோரிடா, அரிசோனா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களிலுள்ள பயிற்சி வளாகங்களில் தொடக்கநிலை ஆட்டங்கள் நடக்கின்றன. இந்தப் படிகளில் ஆடும் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, ஊதியம் கொடுப்பது, மேலே ஏற்றுவது, வேண்டாமென்று அனுப்பிவிடுவது எல்லாம் மேலேயுள்ள மேஜர் லீக் அணியின், அதாவது தாய் அணியின், பொறுப்பு. உள்ளூர்க் கிளப்பின் உரிமையாளருக்கு இருப்பவை மைதானக் குத்தகை, டிக்கெட் வருமானம், தின்பண்டக் கடை, சட்டையில் எழுதிய ஊர்ப்பெயர். ஆடுபவர்கள் மட்டும் அவருடையவர்கள் அல்லர். மைனர் லீக்கின் பெரும்பாலான சிக்கல்கள் இந்த ஒரு பிளவிலிருந்துதான் கிளைக்கின்றன.

வலு என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆடுபவர் அந்த ஆட்டத்தைக் கொண்டே பிழைக்க முடிய வேண்டும். அவருடைய திறன் உண்மையிலேயே வளர வேண்டும். அணி இருக்கும் ஊருக்கு, அடுத்த ஆண்டும் அது இருக்கும் என்ற உறுதி வேண்டும். அன்றைய ஆட்டத்தில் யார் வென்றார் என்பதற்கு ஏதேனும் பொருள் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் பற்றி மேஜர் லீக் நிர்வாகமும் வீரர் சங்கமும் பேசுகின்றன. பின்னிரண்டுக்குப் பேச மேசையில் ஆள் இல்லை. அதனால்தான் இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

இந்த நிலைக்கு வந்த வழி

1901-ல் சிகாகோவில் கூடிய சிறு லீக்குகளின் தலைவர்கள், மேஜர் லீக் அணிகள் தங்கள் வீரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கத் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கத்தை அமைத்தனர். அந்தச் சங்கம் 2020 வரை, வலு குறைந்துகொண்டே வந்தாலும், உயிரோடு இருந்தது. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, வீரர்களை விலை கொடுத்து வாங்குவதை விட, சிறு அணிகளையே வாங்கி அவற்றில் வீரர்களை வளர்ப்பது மலிவு என்று கண்டார். நாற்றங்காலைப் போல வளர்த்துப் பிடுங்கி நடும் இந்த முறைக்குப் பண்ணை முறை என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்தது. மேஜர் லீக்கின் அன்றைய ஆணையர் கெனசா மவுண்டன் லாண்டிஸ் இதை வெறுத்தார். 1938-லும் 1940-லும் பண்ணைகளில் முடங்கிக் கிடந்த பல வீரர்களை விடுவித்து உத்தரவிட்டார். ஆயினும் முறை நிலைத்துவிட்டது.

1949-ல் 59 மைனர் லீக்குகள் இருந்தன. அவற்றின் ஆட்டங்களை ஏறத்தாழ 4 கோடிப் பேர் நேரில் பார்த்தனர். பிறகு தொலைக்காட்சி வந்தது. மேஜர் லீக் ஆட்டம் வரவேற்பறைக்கே வந்துவிட்ட பின், ஊர் மைதானத்துக்குப் போவோர் குறைந்தனர். 1960-களின் தொடக்கத்தில் 20-க்கும் குறைவான லீக்குகளே எஞ்சின. எஞ்சியவற்றைக் காப்பாற்ற மேஜர் லீக் அணிகள் வீரர்களின் ஊதியச் செலவை ஏற்றுக்கொண்டன. பி, சி, டி என்ற கீழ்ப்படிகள் 1963-ல் மறைந்தன. செலவை ஏற்றவர்களின் கைக்கே அதிகாரமும் போனது.

இதன் தொடர்ச்சிதான் 2019-ல் நடந்தது. மேஜர் லீக் அணிகளோடு இணைப்பு பெற்ற 160 அணிகளை 120 ஆகக் குறைக்கும் திட்டம் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் செய்தியாக வெளிவந்தது. நீக்கப்பட இருந்த 42 அணிகளின் பட்டியலும் அடுத்து வெளியானது. மைதானங்கள் பழையவை, பயணத் தொலைவு அதிகம், அணிகள் குறைந்தால் மீதமுள்ள வீரர்களுக்கு நல்ல ஊதியம் தரலாம் என்பவை நிர்வாகம் சொன்ன காரணங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து எதிர்த்தனர். ஆனால் 2020-ல் கொரோனா காரணமாக மைனர் லீக் பருவம் முழுவதும் கைவிடப்பட, ஓராண்டு வருமானமே இல்லாத கிளப்புகளுக்கு எதிர்த்து நிற்க வலுவில்லாமல் போயிற்று. பழைய ஒப்பந்தம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2021-ல் நிர்வாகமே நேரடியாக நடத்தும் புதிய அமைப்பு வந்தது.

முதல் வழி: இப்போதுள்ளபடியே தொடர்தல்

இந்த அமைப்பில் நன்மை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஒரே எதிரணியோடு ஆறு நாள் தொடர்ந்து ஆடி, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு தரும் அட்டவணை வந்ததால் இரவுப் பேருந்துப் பயணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஒரு தாய் அணியின் கீழுள்ள ஊர்கள் முன்பை விட ஒன்றுக்கொன்று அருகில் உள்ளன. உடைமாற்றும் அறை, உடற்பயிற்சிக் கூடம், மைதான விளக்குகள் மேம்பட்டுள்ளன. எண்ணிக்கையில் உயர்ந்துவரும் பெண் பயிற்சியாளர்களுக்கும் பணியாளர்களுக்கும் தனி அறைகள் தேவை என்ற விதியும் சேர்ந்தது. 2022 முதல் பெரும்பாலான வீரர்களுக்குத் தங்குமிடத்தைத் தாய் அணியே தருகிறது.

ஊதியத்தில் வந்த மாற்றம்தான் மிகப் பெரிது; ஆனால் அதை இந்த மறுசீரமைப்பின் கணக்கில் முழுவதுமாக எழுதுவது தவறு. அணிகளைக் குறைத்த கையோடு நிர்வாகம் 2021-ல் தந்த உயர்வுக்குப் பிறகும் டிரிபிள்-ஏ வீரரின் வார ஊதியம் 700 டாலர், சிங்கிள்-ஏ வீரருடையது 500 டாலர்தான். அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். உண்மையான உயர்வு வேறு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஆரன் சென்னி என்ற முன்னாள் வீரர் 2014-ல் தொடுத்த குறைந்தபட்ச ஊதிய வழக்கு 2022-ல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு செப்டம்பரில் மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர் சங்கத்தில் இணைந்தனர். 2023-ல் கையெழுத்தான அவர்களுடைய முதல் கூட்டு ஒப்பந்தம் டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 17,500 டாலரிலிருந்து 35,800 ஆகவும், டபுள்-ஏ வீரருடையதை 13,800-லிருந்து 30,250 ஆகவும், சிங்கிள்-ஏ வீரருடையதை 11,000-லிருந்து 26,200 ஆகவும் உயர்த்தியது. அணிகளை ஒழித்ததால் அல்ல, வழக்காடியதாலும் ஒன்று சேர்ந்ததாலும்தான் வீரர்கள் இந்த நிலைக்கு வந்தார்கள். இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் அடுத்த முறை அணிகளைக் குறைக்க வரும்போதும் வீரர் நலனே காரணமாகக் காட்டப்படும்.

இழந்தவை என்ன? நியூயார்க்–பென் லீக் முற்றாக மறைந்தது. அப்பலாச்சியன் லீக் கல்லூரி மாணவர்களின் கோடைக்காலத் தொடராக மாறிற்று. மொன்டானா, ஐடாஹோ, யூட்டா மாநிலங்களில் பரவியிருந்த பயனீர் லீக் தாய் அணிகள் இல்லாமல் தனித்து நின்றது. அயோவா மாநிலத்தின் பர்லிங்டனும் கிளின்டனும் ஊர் மக்களே சொந்தமாக வைத்திருந்த கிளப்புகள். அவையும் இணைப்பை இழந்து இன்று கோடைக்காலக் கல்லூரித் தொடரில் ஆடுகின்றன. மைதானம் இருக்கிறது, ஆட்டமும் நடக்கிறது. ஆனால் இங்கே இன்று பார்த்த பையனை மூன்றாண்டு கழித்துப் பெரிய மைதானத்தில் பார்ப்போம் என்று அந்த ஊர்கள் கொண்டிருந்த எதிர்பார்ப்பு மங்கிவிட்டது.

நீக்கப்பட்ட படிகளில் தாமதமாக மலர்பவர்களுக்கு இடம் இருந்தது என்பதும் மறக்கத் தகாதது. புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2019-ல் 40 சுற்றுகள் நடந்தது; இன்று 20 சுற்றுகள்தான். பிற்காலத்தில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற மைக் பியாசா 1988-ல் 62-ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர். ஜான் ஸ்மோல்ட்ஸ் 1985-ல் 22-ஆம் சுற்றில் வந்தவர். நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. உத்தரப் பிரதேசத்திலிருந்து போய் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமான ரிங்கு சிங் (அதே பெயருள்ள கிரிக்கெட் வீரர் அல்லர்), பேஸ்பாலையே புதிதாகக் கற்றுக்கொண்டவர். தொடக்கநிலை லீக்கிலிருந்து ஸ்டேட் காலேஜ், வெஸ்ட் வர்ஜீனியா அணிகள் வரை ஏறினார். அந்த இரண்டு அணிகளுமே 2020-ல் இணைப்பை இழந்தவை. அவரைப்போல் ஒருவர் இன்று வந்தால் ஏறுவதற்குப் படிகள் குறைவு.

எஞ்சிய ஊர்களின் நிலையும் உறுதியானதல்ல. உரிமத்தோடு வந்த மைதான விதிகளை நிறைவேற்றும் செலவு பெரும்பாலும் ஊராட்சிகளின் தலையில்தான் விழுகிறது. ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் அணிக்குப் புதிய மைதானம் கட்ட ஒன்றரைக் கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று 2024 மே மாதம் மக்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்று வாக்களித்தார்கள். வட கரோலினாவின் கின்ஸ்டன் நகரில் 1949-ல் கட்டிய கிரெய்ஞ்சர் மைதானம் உள்ளது. அங்கு ஆடிய அணி 2025-ல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்குக்குப் போய்விட்டது. மிசிசிப்பியின் பேர்ல் நகரில் ஆடிய அட்லாண்டா பிரேவ்ஸின் டபுள்-ஏ அணி அதே ஆண்டு ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகருக்கு மாறிற்று. விசிட்டா நகரம் டிரிபிள்-ஏ அணியை நம்பிப் புதிய மைதானம் கட்டி முடித்தபோது, மறுசீரமைப்பு அதற்கு டபுள்-ஏ அணியைக் கொடுத்தது. இந்த முடிவுகளில் அந்தந்த ஊருக்கு வாக்கு இல்லை. செலவுச் சீட்டு மட்டும் இருந்தது.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடக்கிறது. 2021-ல் தொடங்கப்பட்ட டயமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே நிறுவனம் 40-க்கும் மேற்பட்ட மைனர் லீக் கிளப்புகளைத் தன்வசம் வைத்திருக்கிறது. அதன் பின்னால் சில்வர் லேக் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்தின் பணம் நிற்கிறது. இதனால் பல மைதானங்களுக்கு முதலீடு வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு அணிகள் ஒரே கையில் இருக்கும்போது, ஒரு நகராட்சி குத்தகை பேச உட்காரும் நேரத்தில் எதிரே இருப்பது உள்ளூர் வணிகர் அல்லர். போக வேறு ஊர் உண்டு என்று சொல்லக்கூடிய நிறுவனம்.

இரண்டாம் வழி: மேலும் சுருக்குதல்

ஆட்டங்களைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டலாம் என்போர் பல தாய் அணிகளின் நிர்வாகங்களில் இருக்கின்றனர். பந்தின் சுழற்சியையும் மட்டையின் வேகத்தையும் அளக்கும் கருவிகள் வந்த பிறகு, சிற்றூர் மைதானத்தில் 130 ஆட்டம் ஆடுவதை விடப் பயிற்சி வளாகத்தில் அளந்து திருத்துவது விரைவான பலன் தரும் என்பது அவர்கள் வாதம். 2024 முதல் ஒவ்வொரு தாய் அணியும் உள்நாட்டில் வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் வீரர்களின் எண்ணிக்கை 180-லிருந்து 165 ஆகக் குறைந்துவிட்டது. இது சங்கம் ஊதிய உயர்வுக்காக விட்டுக்கொடுத்தவற்றுள் ஒன்று. இன்னும் குறைந்தால் நான்கு படிகளில் ஒன்று தேவையற்றதாகிவிடும். 120 என்பது 90 ஆகும்.

பயிற்சியின் தரம் என்ற ஒரே அளவுகோலால் பார்த்தால் இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. தனியறையில் பயின்ற பந்துவீச்சை ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும்போது வீச முடிகிறதா என்பதைக் கருவி சொல்லாது என்று ஒருவர் மறுக்கலாம். அது சரிதான் என்றாலும், அந்தச் சோதனைக்கு மூன்று படிகள் போதும் என்ற பதில் உடனே வரும்.

செலவு என்ற காரணம்தான் நிற்காது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிங்கிள்-ஏ அணியில் 30 பேர் என்று வைத்தால், குறைந்தபட்ச ஊதியத்தில் அவர்களுடைய ஆண்டுச் சம்பளம் 7,86,000 டாலர். 2026-ல் ஒரே ஒரு மேஜர் லீக் வீரரின் குறைந்தபட்ச ஊதியம் 7,80,000 டாலர். அதாவது தாய் அணியின் மாற்று வீரர் இருக்கையில் அமர்ந்திருக்கும் கடைசி வீரருக்குக் கொடுக்கும் பணத்தில் ஓர் ஊருக்கு ஓர் அணியே கிடைக்கிறது. பயிற்சியாளர், தங்குமிடம், மருத்துவம் எல்லாம் சேர்த்தால் செலவு இதைப்போல் சில மடங்காகலாம். அப்போதும் ஒரு நடுத்தர மேஜர் லீக் வீரரின் ஒப்பந்தத்தை விடச் சிறிய தொகைதான். இவ்வளவு குறைந்த செலவை மிச்சப்படுத்த முப்பது ஊர்களை இழப்பது, தங்கள் ஆட்டத்தின் வருங்கால ரசிகர்களைத் தாங்களே விரட்டுவதாகும். இந்த வழியை நான் ஏற்கவில்லை.

மூன்றாம் வழி: முழுத் தன்னுரிமை

மைனர் லீக்குகள் தாய் அணிகளிடமிருந்து முற்றாகப் பிரிந்து, தம் வீரர்களைத் தாமே ஒப்பந்தம் செய்து, வெல்வதற்காக ஆடி, சிறந்த வீரரை மேஜர் லீக்குக்கு விலைக்கு விற்கலாம் என்பது மூன்றாவது வழி. எனக்கு உணர்வளவில் மிகப் பிடித்த வழி இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். இதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. ஜாக் டன் நடத்திய பால்டிமோர் ஓரியோல்ஸ், இன்டர்நேஷனல் லீக் என்ற மைனர் லீக்கில் 1919 முதல் 1925 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றது. மைனர் லீக் வீரர்களை மேஜர் லீக் அணிகள் மலிவு விலைக்குப் பிடுங்கிக்கொள்ளும் அன்றைய டிராஃப்டுக்கு உட்பட மறுத்ததால், டன் தம் அணியைக் கலைக்காமல் வைத்திருக்க முடிந்தது. அந்த ஊர் மக்கள் பார்த்தது நாற்று அல்ல, விளைந்த பயிர்.

ஆனால் அதே கதையை ஆடியவரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இடக்கைப் பந்துவீச்சாளர் லெஃப்டி குரோவ் 1920 முதல் ஐந்து பருவங்கள் டன்னின் அணியில் ஆடினார். மேஜர் லீக்கில் எந்த அணியிலும் இடம்பெறத் தகுந்தவராக இருந்தும், டன் விற்கும்வரை அவரால் போக முடியவில்லை. 1924 இறுதியில் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் கொடுத்த 1,00,600 டாலர் டன்னின் கைக்குப் போனது. பிறகு மேஜர் லீக்கில் சரியாக 300 வெற்றிகள் பெற்ற அந்த வீரருக்கு, ஊரின் வெற்றிக்காக இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவார் யாருமில்லை.

இந்த ஆபத்து அந்தக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. மெக்சிகன் லீக் 1967 முதல் 2020 வரை டிரிபிள்-ஏ தகுதி பெற்றிருந்தாலும் அதன் அணிகளுக்குத் தாய் அணி கிடையாது. வீரர்கள் அந்தந்தக் கிளப்பின் சொத்து. ஓர் இளைஞரை மேஜர் லீக் அணி வாங்கும்போது தொகையின் பெரும்பகுதியைக் கிளப்பே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தால், மேஜர் லீக் நிர்வாகம் 2018-ல் இந்தக் கொள்முதலையே நிறுத்திவைத்தது. 2019-ல் புதிய விதிகளோடு மீண்டும் தொடங்கியது. ரசிகர் கூட்டத்திலும் ஊர்ப்பற்றிலும் மெக்சிகன் லீக் மற்ற மைனர் லீக்குகளுக்குப் பாடம் சொல்லத்தக்கது. வீரரின் பங்கில் மட்டும் அது பின்பற்றத் தக்கதாக இருக்கவில்லை.

தன்னுரிமைக்கு வேறொரு பகையும் உண்டு. பசிபிக் கோஸ்ட் லீக் என்ற மைனர் லீக், மேற்குக் கரையில் மூன்றாவது மேஜர் லீக்காகவே வளர எண்ணி 1952-ல் தனி வகுப்புப் பெற்றது. ஐந்தாண்டுகளில் நியூயார்க்கின் மேஜர் லீக் அணிகளான டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் மேற்கே வருவதாக அறிவித்தன. 1958-ல் அவை வந்து இறங்கியதும் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் பீனிக்ஸுக்கும், ஹாலிவுட் ஸ்டார்ஸ் சால்ட் லேக் நகருக்கும் இடம்பெயர்ந்தன. பிற்காலத்தில் மேஜர் லீக்கின் பெரும் நட்சத்திரமான ஜோ டிமாஜியோவை வளர்த்த சீல்ஸுக்கே இந்தக் கதி. நன்றாக வளர்ந்த சந்தையை மேஜர் லீக் விட்டுவைக்காது.

இன்றைய நிலையில் பயனீர் லீக் நம்பிக்கை தருகிறது. கட்டாயத்தால் தனித்து நின்ற அந்த லீக், சமநிலையில் முடியும் ஆட்டத்தை, பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன் போட்டியால் தீர்ப்பது போன்ற புதுமைகளோடு உயிர்த்திருக்கிறது. அத்லெடிக்ஸ் அணி ஓக்லாந்தைக் கைவிட்டபோது உருவான ஓக்லாந்து பாலர்ஸ் 2024-ல் இதே லீக்கில்தான் சேர்ந்தது; ரசிகர்களுக்கே பங்குகளை விற்று, 2025-ல் கோப்பையையும் வென்றது. ஆனால் 2023-ன் கூட்டு ஒப்பந்தம் இத்தகைய லீக்குகளில் ஆடுபவர்களைத் தொடாது. 120 அணிகளையும் ஒரே நாளில் தன்னுரிமைக்குத் தள்ளினால், பத்தாண்டு போராடிப் பெற்ற ஊதியமும் மருத்துவக் காப்பும் பெரும்பாலான வீரர்களுக்கு இல்லாமல் போகும். மனம் விரும்பினாலும், முழுத் தன்னுரிமையை என்னால் பரிந்துரைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

ஆங்கிலக் கால்பந்தைப் போல வென்ற அணி மேல்படிக்கும் தோற்ற அணி கீழ்ப்படிக்கும் போகும் ஏறுபடி இறங்குபடி முறை கொண்டுவரலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழும். தாய் அணி இருக்கும்வரை அது நடவாது. ஒரு தாய் அணிக்கு இரண்டு டபுள்-ஏ அணியும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போய்விடும். இணைப்பற்ற லீக்குகளுக்குள் மட்டும் ஒரு நாள் அதைச் செய்து பார்க்கலாம்.

நான்காம் வழி: பயிற்சி தாய் அணிக்கு, அணி ஊருக்கு

என் தேர்வு இதுதான். வீரர்களின் ஊதியமும் பயிற்சியும் இப்போதுபோல் தாய் அணியிடமே இருக்கட்டும். கிளப்பின் மீதான பிடியை மட்டும் ஊருக்கு மாற்ற வேண்டும். இதற்கு முன்மாதிரிகள் தேட வேண்டியதில்லை, அவை பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. 1957-ல் கார்டினல்ஸ் அணி ரோச்செஸ்டர் ரெட் விங்ஸைக் கைவிட முனைந்தபோது, மோரி சில்வர் என்ற வணிகர் முன்னின்று 10 டாலர் பங்குகளாக விற்க, ஆயிரக்கணக்கான நகர மக்கள் வாங்கிக் காப்பாற்றினர். அந்தக் கிளப் இன்றும் அங்கேயே இருக்கிறது. டொலீடோவின் மட் ஹென்ஸ் 1965 முதலும், ஓஹாயோ மாநிலக் கொலம்பஸின் கிளிப்பர்ஸ் 1977 முதலும் மாவட்ட நிர்வாகங்களின் உடைமை. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகராட்சி, தன் அணியை மாசசூசெட்ஸுக்கு எடுத்துப்போகவிருந்தவர்களிடமிருந்து 1995-ல் 67 லட்சம் டாலருக்கு வாங்கியது; 2007-ல் 1 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. அணியும் தங்கிற்று, பணமும் இரட்டித்தது.

ஊர் உடைமை மட்டும் போதாது என்பதற்கு மேலே சொன்ன பர்லிங்டனும் கிளின்டனுமே சான்று. அவற்றின் பங்குகள் மக்களிடம் இருந்தன; இணைப்பு என்ற ஒற்றைச் சரடு வேறொருவர் கையில் இருந்தது. ஆகவே உடைமையை விட உரிமத்தின் விதிகள்தான் முதன்மையானவை. பொதுப்பணத்தில் மைதானம் கட்டிய அல்லது புதுப்பித்த ஊருக்கு, அந்தக் கடன் தீரும்வரையாவது இணைப்பு உறுதி செய்யப்பட வேண்டும். முப்பதாண்டுக் கடனுக்குப் பத்தாண்டு உரிமம் என்பது எந்த வரவு செலவுக் கணக்கிலும் அடங்காது. கிளப் விற்பனைக்கு வரும்போது, அதே விலையில் வாங்கும் முதல் உரிமை ஊருக்கோ ஊர் மக்களின் சங்கத்துக்கோ இருக்க வேண்டும். மைதான விதிகளை மேஜர் லீக் நிர்வாகம் மாற்றினால், மாற்றத்தின் செலவில் ஒரு பங்கை அதுவே ஏற்க வேண்டும். தகராறு வந்தால் இரு தரப்புக்கும் வெளியே உள்ள ஒரு நடுவர் தீர்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 1922-ல் உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்திலிருந்து தந்த விலக்கு இன்றும் நீடிப்பதால், இணைப்பை இழந்த கிளப்புகளுக்கு நீதிமன்றக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. ஸ்டேட்டன் ஐலண்ட், ட்ரை-சிட்டி உள்ளிட்ட நான்கு கிளப்புகள் 2021 இறுதியில் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்குமா என்று தெரிவதற்கு முன்பே 2023 நவம்பரில் சமரசத்தில் முடிந்தது. சட்டம் கைகொடுக்காத இடத்தில் ஒப்பந்த வரிகள்தான் காப்பு.

இந்த வழியின் இரண்டாம் பகுதி, நீக்கப்பட்ட படிகளைப் பற்றியது. அட்லாண்டிக் லீக், அமெரிக்கன் அசோசியேஷன், ஃபிரான்டியர் லீக், பயனீர் லீக் ஆகிய நான்கும் இன்று மேஜர் லீக்கின் கூட்டாளி லீக்குகள் என்ற பெயரில் உள்ளன. பெயரளவில் நிற்கும் இந்தக் கூட்டுறவுக்கு உள்ளடக்கம் தர வேண்டும். இங்கிருந்து ஒரு வீரரைத் தாய் அணி எடுத்தால் கிளப்புக்கு முன்கூட்டியே தெரிந்த, நியாயமான ஈட்டுத்தொகை கிடைக்க வேண்டும். அதில் வீரருக்கு ஒரு பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்பு வந்தால் அவரைத் தடுத்து வைக்கக் கிளப்புக்கு உரிமை இருக்கக் கூடாது. டன்னின் பால்டிமோரில் நல்லதாக இருந்தது இதனால் கிடைக்கும். குரோவுக்கு நேர்ந்தது நேராது. ஜப்பானும் இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது: பன்னிரண்டு தொழில்முறை அணிகளின் இரண்டாம் அணிகள் மட்டுமே ஆடிவந்த பண்ணை லீக்குகளில், 2024-ல் நீகாட்டாவிலிருந்தும் ஷிசுவோகாவிலிருந்தும் தாய் அணி இல்லாத இரண்டு கிளப்புகளைச் சேர்த்துக்கொண்டது.

மூன்றாவதாக, ஆட்டத்தின் முடிவுக்குப் பொருள் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு டபுள்-ஏ அணி முதலிடத்துக்குப் போட்டியிடும் வாரத்தில் அதன் இரண்டு சிறந்த வீரர்களையும் மேலே அழைத்துக்கொள்வது இன்று இயல்பான நடைமுறை. வீரருக்கு அது நல்லதே. மேஜர் லீக்குக்கே போவதை ஒருபோதும் தடுக்கக் கூடாது. ஆனால் டபுள்-ஏ படியிலிருந்து டிரிபிள்-ஏ படிக்கு அனுப்புவதைப் பருவத்தின் கடைசி மூன்று வாரங்களிலும் இறுதிச்சுற்றிலும் நிறுத்திவைப்பதால் யாருடைய எதிர்காலமும் கெடாது. ஏப்ரலிலிருந்து தொடர்ந்து வரும் ஒரு ரசிகர் செப்டம்பரிலும் அதே அணியைப் பார்ப்பார்.

தாய் அணிகள் இதை எதிர்க்கும் என்பது தெளிவு. வேண்டியபோது இடம் மாற்றும் வசதிதான் 2021-ன் அமைப்பிலிருந்து அவை பெற்ற பெரும் பேறு. அதை விட்டுத்தர மாட்டா. வீரர் சங்கமும் ஊர்களுக்காகத் தன் பேரம் பேசும் வலுவைச் செலவிடத் தயங்கும், அதன் முதற்கடமை உறுப்பினரின் ஊதியம். ஆனால் அணிகளின் எண்ணிக்கை குறைந்தால் வேலைகளும் குறையும் என்ற புள்ளியில் சங்கத்தின் நலனும் ஊர்களின் நலனும் ஒன்றாகின்றன. 2027-ல் மேசையில் அமரும்போது 165 என்ற எண்ணிக்கைக்குக் கீழே இனி இறங்கக் கூடாது என்பதைச் சங்கம் முதல் கோரிக்கையாக வைத்தால், 120 அணிகளும் பெரும்பாலும் தாமாகவே காக்கப்படும்.

அதுவரை ஊர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் மைதானக் குத்தகையைப் புதுப்பிக்கப்போகும் நகராட்சிகள், பணம் ஒதுக்கும் தீர்மானத்தோடு சேர்த்தே, அணி ஊரைவிட்டுப் போனால் மீதிக் கடனை யார் கட்டுவது, கிளப் விற்கப்பட்டால் முதலில் யாரைக் கேட்பது, ஊர்ப்பெயரும் அணிப்பெயரும் யாருக்கு உரியவை என்ற மூன்று கேள்விகளுக்கும் குத்தகைப் பத்திரத்திலேயே விடை எழுதிக்கொள்ளலாம். மேஜர் லீக்கின் ஒப்புதல் இல்லாமலே இன்று செய்யக்கூடியது இது. விசிட்டாவும் கின்ஸ்டனும் பட்டதற்குப் பிறகு, இதை எழுதாமல் கையெழுத்திடும் நகரமன்றம் தன் வரிசெலுத்துவோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.